பங்கு இல்லாமல் பாகப்பிரிவினை ஏது? மண ஒப்பந்தங்கள் குறித்து இந்தியச் சட்ட ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருமணத்துக்கு முன்பே சொத்து பற்றி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் செல்லத்தக்கதாக ஆக்குங்கள் என்ற கோரிக்கை பல பக்கமிருந்தும் எழுகிறது. குடும்பநல வழக்குகளிலும் சொத்துப் பத்திரங்களிலும் நாள்தோறும் புழங்கும் நாங்கள் இந்தக் கோரிக்கைக்கு எதிரிகள் அல்ல. ஆனால், அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எந்த நாட்டிலும் மண ஒப்பந்தம் என்பது ஒரு விலக்குதான். தம்பதியின் சொத்துக்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு பங்கு முறையை வைத்திருக்கும். ‘எங்களுக்கு அது வேண்டாம், நாங்கள் இப்படி வைத்துக்கொள்கிறோம்’ என்று இருவரும் சேர்ந்து எழுதுவது ஒப்பந்தம். கோவா, தாமன்-தியு போன்ற முன்னாள் போர்த்துகீசியப் பகுதிகளையும் புதுச்சேரியில் ஒரு சிறு பிரிவினரையும் விட்டுவிட்டால், இந்தியாவில் அப்படி ஒரு பங்கு முறையே கிடையாது. மணம் முடித்ததால் மட்டும் கணவன் வாங்கிய வீட்டில் மனைவிக்கு ஒரு சதுர அடியும் வந்துவிடாது. பங்கே தராத சட்டத்தில் ஒப்பந்தத்தை மட்டும் நுழைத்தால், பலவீனமான தரப்பிடம் மிச்சமிருக்கும் ஜீவனாம்ச உரிமையையும் நகை உரிமையையும் எழுதி வாங்கும் தாளாகத்தான் அது பயன்படும். முதலில் பங்கு, அடுத்து விலக்கு. இந்த வரிசை மாறக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை.

இன்றைய நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, திருமணத்தால் ஒருவர் மற்றவரின் சொத்தில் எந்த உரிமையும் பெறமாட்டார் என்கிறது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் அவர்களுடைய சட்டங்களும் மணத்தால் மட்டும் பங்கு தருவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு, மணத்தின்போதோ அதையொட்டியோ வந்து இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பதினைந்து வருடம் சேர்ந்து கட்டிய வீட்டை அந்தப் பிரிவு தொடாது. நீதிமன்றத்தால் செய்ய முடிந்தது, 25-வது பிரிவின் கீழ் நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிப்பதுதான்.

இனி ஒப்பந்தங்கள். பொது நலனுக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுதான் இங்கே எல்லாக் கதவையும் அடைக்கிறது. வருங்காலத்தில் பிரிந்தால் என்ன என்று முன்கூட்டி எழுதுவதே மணவாழ்வைக் குலைக்கத் தூண்டும் என்பது பழைய வாதம். கணவனும் மனைவியும் பிரிந்து வாழச் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1967-இல் இதே காரணத்தால் செல்லாது என்றது. ஜீவனாம்சத்தை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது என்பதும் நிலைபெற்ற சட்டம். மொத்தமாக 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்பதில்லை என்று சமரசத்தில் கையெழுத்திட்ட மனைவி, பின்னாளில் வேறு சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்பதை அந்தச் சமரசம் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் இருந்தும் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டு மாதிரி ஒன்றை எடுத்து, பெயர்களை மாற்றி, 100 ரூபாய் முத்திரைத்தாளில் அச்சிட்டு, நோட்டரியிடம் சீல் வாங்கிவிடுகிறார்கள். ‘பிற்காலத்தில் பிரிய நேர்ந்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரி நடுநாயகமாக இருக்கும். இந்தத் தாள் எங்கெங்கே உடைகிறது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதப்போகும் சட்டம் இதே ஓட்டைகளை அடைத்தாக வேண்டும்.

முதல் உடைப்பு, எல்லாவற்றையும் ஒரே தாளில் கலப்பது. நகைப் பட்டியல், வீட்டுக் கடன் யார் கட்டுவது, பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில், ஒன்றுக்கு ஒன்று ஈடாக எழுதுகிறார்கள். பல வாக்குறுதிகளுக்கான ஒரே பிரதிபலனில் (ஈடாகத் தருவதில்) ஒரு பகுதி சட்டவிரோதமானாலும் முழு ஒப்பந்தமும் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு. ஜீவனாம்ச வரி விழும்போது, நியாயமாக நிற்க வேண்டிய நகைப் பட்டியலையும் கூடவே இழுத்துக்கொண்டு விழும்.

இரண்டாவது, பெற்றோர் உள்ளே வருவது. ‘பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு இன்னின்னது தருவதாகவும்’ என்று ஒரு வரி வந்துவிட்டால், 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 5-வது பிரிவு குறுக்கே நிற்கும். வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அதோடு, குற்றத்துக்கான எழுத்துபூர்வ ஆதாரத்தைக் கையெழுத்தோடு தயாரித்து வைத்ததாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, பதிவு. நிலத்திலோ வீட்டிலோ இன்றே உரிமை மாறுவதாக எழுதினால், அது 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்து என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவாகாத பத்திரம் உரிமைக்குச் சாட்சியாகாது. நோட்டரி சீல் பதிவுக்கு ஈடு என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இதில் சொல் ஒன்றாக இருப்பதுதான் வம்பு. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நோட்டரி என்பவர் இரு தரப்புக்கும் பொதுவாக உட்கார்ந்து, ஆவணத்தைத் தானே எழுதி, விளைவை விளக்கிச் சொல்லும் கடமை உடைய சட்ட அதிகாரி. நம் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோட்டரி பெரும்பாலும் கையெழுத்துக்குச் சான்று சொல்பவர். அங்கே நோட்டரி முன் நடந்தது என்பதை வைத்து இங்கே சட்டம் செய்தால், சீல் மட்டும் வரும், விளக்கம் வராது.

நான்காவது ஒன்று சிறியது, ஆனால் பணம் பிடுங்குவது. குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு. நிச்சயமான பெண் தாலி கட்டும்வரை சட்டத்தின் கண்ணில் குடும்பத்தாள் அல்ல. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் எழுதினால் சலுகை கிடைக்காது, அடுத்த வாரம் எழுதினால் கிடைக்கும். மணத்துக்கு முன்பே எழுதச் சொல்லும் சட்டம் வந்தால் முத்திரைச் சட்டத்தையும் சேர்த்துத் திருத்தாமல் பயனில்லை.

இதற்கு நடுவே, இருக்கும் நல்ல கருவிகளை யாரும் எடுப்பதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, மணத்தின்போது வந்த அன்பளிப்புகளுக்கு மணமகள் ஒரு பட்டியலும் மணமகன் ஒரு பட்டியலும் எழுதி வைக்க வேண்டும். பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இருவரின் கையெழுத்து, இவ்வளவுதான். மொய் நோட்டில் 101 ரூபாயைக்கூட ஊர் பெயரோடு குறித்து வைக்கும் சமூகம், 40 பவுன் நகைக்கு இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. எழுத வேண்டிய முறையும் எளிது. ‘ஆரம் ஒன்று’ என்று நிறுத்தாமல், எடை கிராமில் (40 பவுன் என்றால் 320 கிராம்), கல் எடை தனியாக, ரசீது எண், 2023 ஏப்ரல் முதல் நகைக்கடை விற்கும் ஹால்மார்க் நகையில் கட்டாயமாகிவிட்ட ஆறு இலக்க அடையாளக் குறியீடு, ஒரு புகைப்படம். காப்பீட்டிலும் ஒரு வழி இருக்கிறது. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, மனைவியின் நலனுக்கென்று கணவன் எடுக்கும் ஆயுள் காப்பீடு அவளுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கணவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் பொதுவாக அதில் கைவைக்க முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே இது பொருந்தத் தொடங்கிவிட்டது. விண்ணப்பப் படிவத்தோடு ஒரு தனித் தாளில் கையெழுத்திட்டால் முடிகிற காரியம்.

பங்கு முறை என்றதும் அது அந்நியச் சரக்கு என்பார்கள். ஆகவே, நாட்டுக்குள்ளேயே இருப்பதை முதலில் காட்டுகிறோம்.

கோவாவில் 1867-ஆம் ஆண்டு போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் குடும்பப் பகுதிகள் இன்றும் நடப்பில் உள்ளன. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும், வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால் மணமானதும் முழுச் சொத்துப் பொதுமை. மணத்துக்கு முன் இருந்ததும், பின் சம்பாதித்ததும், பரம்பரையாக வந்ததும் பொதுவாக இருவருக்கும் பாதி பாதி. கணவன் தன் பெயரில் இருக்கும் நிலத்தை விற்கவும் மனைவி கையெழுத்திட வேண்டும். இது வேண்டாம் என்பவர்கள் மணத்துக்கு முன்பே பொதுப் பத்திரமாக ஓர் உடன்படிக்கை எழுத வேண்டும். முழுத் தனிமை, பழைய சொத்து மட்டும் தனியாகவும் புதிதாகத் தேடியது பொதுவாகவும், சீதன முறை என்று அங்கே தேர்வுகள் உண்டு. மணமான பின் மாற்ற முடியாது. நடுவண் அரசின் வருமான வரிச் சட்டமே இதற்கு வழிவிட்டது: 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஏ பிரிவு, இந்த முறைக்கு உட்பட்ட தம்பதியின் வீட்டு வாடகை, வியாபார வருமானம் போன்றவற்றை இருவர் கணக்கிலும் பாதியாகப் பிரித்தது. சம்பளத்தை மட்டும் சம்பாதித்தவர் கணக்கிலேயே விட்டது. மண ஒப்பந்தம் இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று சொல்லும்போது, இந்தியாவின் ஒரு மாநிலம் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துக் குடும்பம் நடத்துவதை ஆணையம் மறந்துவிடக் கூடாது.

புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த ரெனோன்சான் குடும்பங்கள் உண்டு. இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களே சொல்கின்றன. தமிழ் பேசும் குடும்பங்களுக்கு மணச் சொத்து முறை புதிதல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதைவிட நெருக்கமானது யாழ்ப்பாணம். இலங்கையின் வடக்கில் தமிழரிடையே நிலவிய வழக்கங்களை டச்சு அதிகாரி கிளாஸ் இசாக்ஸ் 1707-வாக்கில் தொகுத்தார். தேசவழமை எனப்படும் அந்தச் சட்டத் தொகுப்பு, மணக் குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வழிவழியாக வந்த முதுசம், பெண்ணோடு வந்த சீதனம், மணவாழ்வில் இருவரும் சேர்த்த தேடிய தேட்டம். பெண் கொண்டுவந்தது சீதன உறுதி என்னும் பத்திரத்தில் எழுதப்பட்டு, நொத்தாரிசு எனப்படும் நோட்டரி முன் கையெழுத்தாகும். 1911-ஆம் ஆண்டு கட்டளைச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுத் திருத்தமும் தேடிய தேட்டத்துக்கு வரையறை கொடுத்தன. தனிச் சொத்தைக் கொடுத்து வாங்கியது அதில் சேராது. தனிச் சொத்தின் வருமானத்தைக் கொண்டு வாங்கியது சேரும். இந்த ஒரு வரி வேறுபாட்டில்தான் வழக்குகள் முளைக்கின்றன: சீதனக் காணியை விற்று வீடு வாங்கினாளா, சீதனக் காணியின் விளைச்சலைச் சேர்த்து வாங்கினாளா? உறுதியில் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது. தேசவழமையில் களைய வேண்டியதும் உண்டு. பெண் தன் சொந்தச் சீதனக் காணியை உயிரோடு இருக்கும்போது விற்கக் கணவனின் எழுத்துபூர்வ இசைவு வேண்டும், மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும். அந்தப் பகுதியை விட்டுவிடலாம். முதுசம், சீதனம், தேட்டம் என்ற பகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்ட வரைவுக்கு இதைவிடத் துல்லியமான தமிழ்ச் சொற்கள் எங்களுக்குத் தெரியவில்லை.

உலகத்தில் இருக்கும் முறைகளில் நமக்கு மிகப் பொருந்துவது ஜெர்மனியின் வளர்ச்சிப் பங்கு முறை என்பது எங்கள் கணிப்பு. 1958 ஜூலை முதல் அங்கே அதுவே பொது விதி. மணவாழ்வில் அவரவர் சொத்து அவரவர் பெயரிலேயே இருக்கும், அவரவர் கடன் அவரவருக்கே. முறியும்போது மட்டும் கணக்கு. மணநாளில் கணவரிடம் 10 லட்சம், முறிவு வழக்குத் தொடங்கும்போது 90 லட்சம் என்றால் வளர்ச்சி 80 லட்சம். மனைவியிடம் நகையாக 20 லட்சம் இருந்து 40 லட்சமானால் வளர்ச்சி 20 லட்சம். வித்தியாசம் 60 லட்சம். அதில் பாதி, 30 லட்சத்தைக் கணவர் பணமாகத் தர வேண்டும். வீட்டை வெட்டிப் பிரிக்கும் பேச்சே இல்லை. இடையில் அப்பா வழியில் வந்த நிலமோ அன்பளிப்போ தொடக்கச் சொத்தோடு கூட்டப்படும், ஆகவே பங்குக்கு வராது. தொடக்க மதிப்பை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வார்கள். தொடக்கச் சொத்துக்கு இருவரும் பட்டியல் எழுதி வைக்காவிட்டால், மறுத்து நிரூபிக்கும்வரை அது பூஜ்யம் என்றே அனுமானம். இந்த அனுமானம் ஒன்றே மக்களைப் பட்டியல் எழுத வைக்கும்.

இதை நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். அவள் நகையை அடகு வைத்து மனைக்கு முன்பணம். அவன் பெயரில் கிரயம். அவன் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை. அவள் சம்பளத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து. பதினைந்து வருடம் கழித்து வங்கி அறிக்கையை எடுத்தால் அவன் கட்டிய தவணை வரிவரியாக நிற்கும். அவள் கட்டியது எதுவும் மிச்சமில்லை, எல்லாம் சாப்பிட்டும் படித்தும் தீர்ந்துவிட்டது. பெயர் யாருடையது என்று பார்க்கும் சட்டத்தில் அவளுக்கு ஒன்றுமில்லை. வளர்ச்சியைப் பார்க்கும் சட்டத்தில் அவளுக்குப் பாதி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் கணவர் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சில சொத்துகளில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் சொல்லாததால் ஒரு நீதிபதி தன் தீர்ப்பால் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அந்த நீதிபதியும் அவ்வளவு தூரம் வழக்காடும் தெம்பும் வாய்க்காது.

பங்கு இருக்கும் நாடுகளிலும் ஒப்பந்தம் என்ற விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் சண்டை. பிரான்ஸில் நோட்டரி எழுதிய மண ஒப்பந்தம் பெரிதும் நிற்கும். ஆனால் முறிவுக்குப் பின்னான ஈட்டுத் தொகையை முன்கூட்டியே துறக்க முடியாது. ஜெர்மனியில் இருவரும் ஒரே நேரத்தில் நோட்டரி முன் இருந்து கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதியும், கருவுற்ற பெண்ணை மணக்கப் பராமரிப்பைத் துறக்கச் சொல்லி வாங்கிய ஒப்பந்தத்தை அரசியல் சட்ட நீதிமன்றம் 2001-இல் ஏற்கவில்லை. தொடர்ந்து 2004-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஒரு படிவரிசை வகுத்தது. குழந்தை வளர்ப்புக்கான பராமரிப்பு மையத்தில், அதைத் தொடுவது மிகக் கடினம். வளர்ச்சிப் பங்கு வெளி வட்டத்தில், அதை விலக்குவது எளிது. எல்லா உரிமையும் ஒரே எடை அல்ல என்ற இந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

இங்கிலாந்தில் மண ஒப்பந்தம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால், விளைவை முழுதும் அறிந்து சுயவிருப்பத்தோடு எழுதியிருந்தால், அதைப் பிடிப்பது அநியாயமாகாதவரை மதிக்க வேண்டும் என்று 2010 அக்டோபரில் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெர்மன் மனைவி, பிரெஞ்சுக் கணவர், ஜெர்மனியில் நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தம், லண்டனில் வழக்கு. அதன்பின் 2014-இல் அங்குள்ள சட்ட ஆணையம் ஒரு வரைவே தந்தது: மணத்துக்கு 28 நாள் முன்பே கையெழுத்து, சொத்துவிவர வெளிப்பாடு, இரு தரப்புக்கும் சட்ட ஆலோசனை, இருவரின் அடிப்படைத் தேவையையும் பிள்ளைகளின் தேவையையும் ஒப்பந்தம் தொடக் கூடாது. அந்த வரைவு அங்கே சட்டமாகவில்லை. ஆனால் நமக்கு நல்ல முன்மாதிரி.

ஆலோசனை சொல்லிவிட்டால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பெரும் செல்வந்தர் ஒருவர், தன்னை நம்பி வெளிநாட்டிலிருந்து வந்த மணப்பெண்ணிடம் மணத்துக்குச் சில நாள் முன்பு ஒப்பந்தத்தை நீட்டினார். கையெழுத்திடாதே என்று அவளுடைய சொந்த வழக்கறிஞரே எழுத்தில் எச்சரித்தார். உறவினர் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள், உடை தைத்தாகிவிட்டது, விசாவும் அவர் கையில். அவள் கையெழுத்திட்டாள். மணத்துக்குப் பின் கிட்டத்தட்ட அதே வாசகத்தில் இரண்டாவது ஒப்பந்தமும் ஆனது. 2017 நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்துசெய்தது. ஆலோசனை அறிவைத்தான் கொடுக்கும், மறுக்கும் வழியைக் கொடுக்காது.

இந்த வழக்கை எங்கள் ஊர்க் கல்யாணத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இங்கே நெருக்கடி முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன் தொடங்குவதில்லை. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அச்சடித்த அன்றே தொடங்கிவிடுகிறது. அதன்பின் கல்யாணம் நின்றால் ஊர் யாரைப் பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவின் 7 நாளும் இங்கிலாந்து வரைவின் 28 நாளும் இங்கே காப்பாற்றாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே வரைவு இருவர் கையிலும் இருந்திருக்க வேண்டும், நிச்சயத்துக்குப் பின் முதன்முதலாக நீட்டப்பட்ட ஒப்பந்தம் நெருக்குதலில் வந்தது என்று அனுமானிக்க வேண்டும், சுயவிருப்பம் என்று நிரூபிக்கும் சுமை அதனால் லாபம் அடைபவருக்கு. விதியை இப்படி எழுதினால்தான் பலன்.

வடிவம் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். பதிவு சார்பதிவாளர் முன், இருவரும் நேரில், அதிகாரப் பத்திரத்தின் மூலம் செய்வதற்கு அனுமதியின்றி. இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர், ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த இருவர் கூடாது. ஒப்பந்தத்தால் தன் கட்சிக்காரர் எதை இழக்கிறார் என்பதை வழக்கறிஞர் கட்சிக்காரரின் மொழியில் எழுதி இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அறுபது பக்கம் எழுதி, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்குவது அத்தோடு நிற்கும். இணைப்புப் பட்டியலில் வில்லங்கச் சான்றுடன் நிலம், வீடு. வங்கி வைப்பு, வருங்கால வைப்பு நிதி, பங்குகள், எடுக்காத சீட்டு, எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு. கடன்கள் தனியாக. பெரும்பாலும் மறைக்கப்படுவது சொத்து அல்ல, கடனும் ஜாமீனும்தான். அண்ணன் தொழிலுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எந்தப் பட்டியலிலும் வராது, ஆனால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவது அதுதான். மறைத்தது தெரிந்தால், மறைத்தவர் அந்த ஒப்பந்தத்தைத் தனக்குச் சாதகமாகக் காட்ட முடியாது என்று விதி இருக்கட்டும்.

எதை எழுதவே கூடாது என்பதும் சட்டத்திலேயே வேண்டும். பிள்ளையின் பராமரிப்பும் பிள்ளை யாரிடம் வளரும் என்பதும், மாதாந்திர ஜீவனாம்சத்தைத் துறப்பது, வேலைக்குப் போவது, பிள்ளை பெறுவது, மாமனார் மாமியாரோடு இருப்பது போன்ற வாழ்க்கை நிபந்தனைகளும் உள்ளே வரக் கூடாது. பெற்றோர் ஒப்பந்தத்தின் தரப்பாக இருக்கக் கூடாது. பிள்ளை பிறந்தாலோ, ஒருவர் வேலையை விட்டாலோ, தீராத நோய் வந்தாலோ ஒப்பந்தத்தை மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் நீதிமன்றம் அதைத் திருத்தலாம். இதில் பேரமில்லை. 25 வயதில் இருவரும் சம்பாதிக்கும்போது சரியாகத் தெரிவது, 40 வயதில் ஒருவர் பத்து வருடம் அடுப்படியிலும் மருத்துவமனையிலும் கழித்த பின் சரியாக இருக்காது.

வெளிநாடு போகிறவர்களுக்குத் தனி அத்தியாயம் தேவை. சென்னையில் மணமுடித்து, முதல் குடித்தனத்தைப் பாரிஸில் வைக்கும் தம்பதி வேறாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், 2019 ஜனவரி 29 முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி அவர்கள் மணச் சொத்துக்கு பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும். அதாவது மணத்துக்குப் பின் தேடியது பொதுவாகிவிடும். தமிழர் திரளாக வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் வேறொரு பள்ளம். மணத்துக்கு முன்பே வாங்கிய வீடு, பிரியும் நாளில் இருவரும் குடியிருக்கும் வீடாக இருந்தால், அதன் மணநாள் மதிப்பைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. மண ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் தப்பும். அப்படி எழுதினாலும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. இங்கே எழுதும் ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரியும், அந்த நாட்டு வடிவ விதிகளை நிறைவேற்றியதற்கான குறிப்பும் வேண்டும். எதிர்ப்புறமாக, லண்டனில் எழுதிய ஒப்பந்தம் அண்ணா நகர் அடுக்குமாடி வீட்டுக்கு இந்தியச் சட்டத்தின்படி எந்த அளவுக்குச் செல்லும் என்பதையும் உங்கள் வரைவு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பதிவு சம்பந்தமாகத் தென்னாப்பிரிக்கா ஒரு பாடம் தருகிறது. அங்கே நோட்டரி முன் எழுதிய மண ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வெளியாட்களை அது கட்டுப்படுத்தாது. கடன் கொடுத்த வங்கி தம்பதியைப் பொதுச் சொத்துக்காரர்களாகவே பார்க்கும். நம் வில்லங்கச் சான்றிலும் மண ஒப்பந்தம் ஒரு பதிவாக வர வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை வாங்குகிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஏமாறுவார்கள், அந்தப் பழியும் மனைவி தலையில் விழும்.

உங்களுக்கு முந்தைய 21-வது ஆணையம் 2018 ஆகஸ்ட் 31-இல் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையிலேயே, மணத்துக்குப் பின் சேர்த்த சொத்தைத் தம்பதியின் ஒரே தொகுப்பாகக் கருத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2013-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய திருமணச் சட்டத் திருத்த மசோதா, முறிவின்போது கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர முனைந்தது. மக்களவையின் காலம் முடிந்ததோடு அதுவும் முடிந்தது. ஆக, நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. பாதியில் நிற்கும் அந்த வேலையை எடுங்கள், ஒப்பந்தம் பற்றிய அத்தியாயத்தை அதன் பின்னால் வையுங்கள் என்கிறோம்.

நடைமுறையில் தொடங்க ஓர் இடமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி மணமான 90 நாளுக்குள் விண்ணப்பம் தர வேண்டும். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கட்டும்: முதல் கட்டத்தில், மணநாளில் இருவரிடமும் இருந்த சொத்துக்கும் கடனுக்கும் கையெழுத்திட்ட பட்டியல் இணைக்கப்பட்டுள்ளதா என்று. இரண்டாவது கட்டத்தில், சட்டம் தரும் பங்கு முறையா அல்லது பதிவு செய்த ஒப்பந்தமா, ஒப்பந்தம் என்றால் அதன் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம். அந்தப் படிவத்துக்கும் பட்டியலுக்கும் தமிழில் மாதிரி வரைவுகளை எழுதித்தர நாங்கள் தயார். ஆணையம் கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
குடும்பநல வழக்குகளிலும் சொத்துப் பத்திரங்களிலும் பணிபுரியும் வழக்கறிஞர்கள், ஆவண எழுத்தர்கள்
சென்னை